பாட் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா வட்டாரத்தில் ஸ்குவாடு சேர்ந்து விளையாடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

‘போனைக் கீழே வை’ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதைச் சொல்ல உங்கள் வீடுகளில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும், பள்ளி கல்லூரி முடிந்து வருகிறவர்களும், ராத்திரியில் கொஞ்ச நேரம் ஃப்ரீ ஃபயர் மேக்ஸிலோ பிஜிஎம்ஐயிலோ கூடுவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. நான் பேச வந்தது உங்கள் மைக்கில் ஓயாமல் கேட்கிற ஒரு சொல்லைப் பற்றி. ‘சரியான பாட்டுடா இவன்’, ‘ரேண்டம்ல ஒரு பாட் வந்து மாட்டிக்கிச்சு’, ‘பாட் மாதிரி நிக்காதடா’. (திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இதைச் சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொள்வது தனிக்கதை.) கம்ப்யூட்டரே ஓட்டுகிற பொம்மை ஆட்டக்காரனுக்கு வைத்த பெயர், இன்று ஆட்டம் வராத மனிதனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொம்மையைச் சொல்லும்போது அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. மனிதனைச் சொல்லும்போது அது பெரும்பாலும் பொய். திட்டு என்பதால் மட்டும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பொய் என்பதால்தான் சொல்கிறேன்.

பாட் என்பது ஆட்டத்துக்குள் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் பயிற்சி எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பிறப்பு. 1996ல் வெளிவந்த க்வேக் விளையாட்டுக்கு ஸ்டீவ் போல்ஜ் என்பவர் ரீப்பர் பாட் என்ற ஒன்றை எழுதினார். அதைப் பார்த்துத்தான் அன்ரியல் விளையாட்டைச் செய்தவர்கள் அவரையே வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறைக்கும் பாட் பழக்கமானதே. அங்கே பெயருக்கு முன்னாலேயே ‘பாட்’ என்று எழுதியிருக்கும், ஏமாற்று எதுவும் கிடையாது. செல்போனுக்கு வந்தபோதுதான் கதை மாறியது. இப்போது பாட்டுக்கும் மனிதப் பெயர் போலவே ஒன்று வைத்துவிடுகிறார்கள். வெட்டவெளியில் நேராக ஓடி வருவதையும், நின்று நிதானமாகச் சுடுவதையும், முதல் நாலைந்து குண்டு பக்கத்திலேயே போவதையும் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் இவற்றைக் கலந்து விடுகிறார்கள்? கம்பெனிகளே காரணம் சொல்லியிருக்கின்றன. 2019 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டில் பாட்களைச் சேர்க்கப்போவதாக எபிக் நிறுவனம் அறிவித்தபோது, புதியவர்கள் வளர வழிசெய்வதற்கே இது, திறமை ஏற ஏற நீங்கள் சந்திக்கும் பாட் குறையும் என்றது. அடுத்த வருடம் பப்ஜியின் கன்சோல், கம்ப்யூட்டர் பதிப்புகளுக்கும் பாட் வந்தது. அங்கும் காரணம் அதேதான். பழகிய கைகளுக்கும் புதிய கைகளுக்கும் இடைவெளி மிகவும் கூடிவிட்டது, புதிதாக வருகிறவர் ஒரு குண்டுகூடச் சரியாகச் சுடாமல் செத்துப்போகிறார், அப்படிச் செத்தவர் திரும்பி வருவதில்லை. இதில் வியாபாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் முதன்முதலில் ப்ரான்ஸ் ரேங்கில் இருந்தபோது எடுத்த சிக்கன் டின்னரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்த பூயாவும், உங்களுக்காகவே தோற்க அனுப்பப்பட்ட பாட்களிடமிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆட்டத்தைச் செய்தவன் உங்கள் கத்துக்குட்டிக் காலத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறான். இன்று உங்கள் ஸ்குவாடில் வந்து விழுகிற புதியவனுக்கு அந்த இடத்தில் கால்வாசிகூட நீங்கள் கொடுப்பதில்லை.

இந்த வட்டாரத்தில் இதை விளக்குவது சுலபம். உங்களில் பலருடைய அம்மாவோ அக்காவோ அப்பர் தைக்கிற லைனில் உட்கார்ந்தவர்கள். துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய இடத்தில் ஓட்டை நின்றுவிடும், பிரித்தாலும் மறையாது, அந்தப் பீஸ் போனது போனதுதான். அதனால்தான் தையல் பயிற்சியில் புதிதாக வருகிறவர் கையில் எடுத்த எடுப்பில் நல்ல தோலைக் கொடுப்பதில்லை. நூல் கோக்காத ஊசியை, காகிதத்தில் வரைந்த கோட்டின் மேல் ஓட்டச் சொல்கிறார்கள். நேர்கோடு வந்த பிறகு வளைவு, வளைவு வந்த பிறகு வெட்டி மிஞ்சிய தோல். தப்பு செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத ஓர் இடத்தை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தொழிலே கற்றுக்கொடுக்கப்படுகிறது. ஆட்டத்தில் பாட் செய்வதும் இந்தக் காகிதத்தின் வேலையைத்தான். காகிதத்தில் பழகியவர் பிறகு வருகிறவரையே ‘நீ காகிதம்’ என்று ஏசினால் எவ்வளவு அபத்தமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது புதியவர்களைப் பற்றி. ஆனால் உங்கள் மைக்கில் பாட் என்று பெயர் வாங்குகிறவர்கள் எல்லாரும் புதியவர்கள் இல்லை. ஒருவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மரம்போல நின்றுவிடுகிறான். இன்னொருவன் சுவரில் முட்டிக்கொண்டே ஓடுகிறான். மூன்றாமவன் எதிரி போன பிறகு அந்த இடத்தைச் சுடுகிறான். பார்க்கிறவனுக்கு மூன்றும் பாட் மாதிரித்தான் தெரியும். ஸ்க்ரீனின் மேல் மூலையில் ஓடும் பிங் எண்ணைப் பார்க்கிறவனுக்கு வேறு விஷயம் தெரியும். நீங்கள் விரலை வைத்த செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்பதுதான் அந்த எண். அது 40ல் இருப்பவனுக்கும் 400ல் இருப்பவனுக்கும் இடையில் மூன்றிலொரு செகண்டுக்கு மேல் வித்தியாசம். தன் போனில் அவன் ஏற்கெனவே சுவருக்குப் பின்னால் பதுங்கிவிட்டான், எதிரியின் போனில் இன்னும் வெளியேதான் நிற்கிறான். நெட் அறுந்துவிட்டால் அவனுடைய ஆள் அப்படியே நிற்கும், அல்லது கடைசியாகத் தள்ளிய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். அவன் மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அணைக்கட்டு ஒன்றியத்தில் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஒன்றியத்தில் பாதிக் கதை சமவெளி, மீதிக் கதை மலை. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மேலே இருக்கிற ஊர்களுக்குச் சாலையைக்கூட வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. டவர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து ஒரு பையன், அண்ணன் பழசாக்கிக் கொடுத்த போனில், சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி உட்கார்ந்து உங்கள் லாபிக்குள் வந்தால், அவனுக்குப் பிங் எப்போதும் சிவப்பில்தான் நிற்கும். ரேம் குறைந்த போனில் நாலு பேர் ஒரே இடத்தில் சுட ஆரம்பித்தால் படமே தந்தியடிக்கும். நீங்கள் பார்ப்பது அவன் ஆட்டத்தை இல்லை, அவனுடைய போனின் விலையையும் அவன் ஊரின் டவரையும். அதற்கு வைக்கிற பெயர் பாட். எதிரே இருக்கிறவனின் இல்லாமையைத் திட்டுகிறோம் என்று தெரிந்தால் உங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள் என்றே நினைக்கிறேன். தெரியாமல்தான் சொல்கிறீர்கள். இந்தச் சொல் அதைத் தெரியவிடாமல் செய்துவிடுகிறது.

சொல்லின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், அதில் நம் கதையும் இருக்கிறது. பாட் என்பது ரோபாட்டின் வால் துண்டு. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ல் எழுதி, 1921 ஜனவரியில் பிராகில் மேடையேறிய நாடகத்தில்தான் ரோபாட் என்ற சொல் முதலில் வந்தது. சொல்லை யோசித்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரொபொட்டா’ என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய உழைப்பு. நம்மிடம் அதற்குச் சரியான சொல் உண்டு, வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக வெட்டி என்று அடிக்கடி வருவது இந்தக் கூலியில்லா உழைப்புத்தான். ஊருக்கு அந்த வேலை செய்தவருக்கு அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது. பிறகு நடந்ததைப் பாருங்கள். கூலியில்லாத வேலை என்பது பயனில்லாத வேலை என்றாகி, இன்றைக்கு ‘வெட்டிப்பய’ என்றால் வேலையே செய்யாதவன். ஊரிலேயே அதிகம் உழைத்தவனின் பெயர் உழைக்காதவனைத் திட்டும் சொல்லாகிவிட்டது. ரொபொட்டா அங்கே பாட் ஆனதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். கீழே நின்று பிறருக்காக உழைப்பதைக் குறித்த சொற்கள் எப்படியோ சுற்றி வந்து ஏச்சாகிவிடுகின்றன. தோலைத் தொட்டவர்களை அந்தத் தொழிலைச் சொல்லியே ஊர் ஒதுக்கிவைத்த காலம் நம் பகுதிக்கும் உண்டு. அதே தோல்தான் பிறகு இந்தப் பக்கத்துக்கு டாலர் கொண்டுவந்தது. பெயர் சூட்டிக் கீழே தள்ளுவது எப்படி நடக்கும் என்பதை உங்களுக்கு நான் வெளியிலிருந்து உதாரணம் தேடிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நீங்கள் சொல்லக்கூடிய பதில்களுக்கு வருகிறேன். ‘ஃப்ரெண்ட்ஸுக்குள்ள கலாய்க்கிறதுதான, இதுக்குப் போயா?’ என்பது முதலாவது. நண்பர்களுக்குள் என்றால் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. நம் ஊரில் நட்பின் அளவே எவ்வளவு திட்டலாம் என்பதில்தான் தெரியும். பத்து வருடப் பழக்கமுள்ளவன் ‘பாட்’ என்றால் அதற்குள் அந்தப் பத்து வருடமும் சேர்ந்து கேட்கிறது. ஆனால் ரேண்டமாக வந்து சேர்ந்தவனுக்கு உங்கள் முகம் தெரியாது, சிரித்துக்கொண்டு சொன்னீர்களா என்பது தெரியாது, திருப்பிக் கலாய்க்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. அவனுக்குப் போய்ச் சேர்வது சொல் மட்டும்தான். தங்கைகளில் பலர் மைக்கைத் தொடாமலே ஆடுவதற்கும் இது ஒரு காரணம். குரல் கேட்ட அடுத்த நொடியே, ஒரு குண்டு சுடுவதற்கு முன்பே, பாட் பட்டம் வந்துவிடுகிறது.

‘கெட்ட வார்த்தைக்கு இது எவ்வளவோ மேல்’ என்பது அடுத்தது. உண்மை. 2021 ஜூனில் பப்ஜி ஆடியபடியே யூடியூபில் ஆபாசமாகப் பேசியதாக ஒருவர் தருமபுரியில் கைதானதும், அந்தப் பேச்சைச் சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தமிழ்நாடே அதிர்ந்ததும் நினைவிருக்கும். அந்தக் கூச்சலோடு ஒப்பிட்டால் பாட் தங்கமான சொல். ஆனால் ஆபாசமான திட்டுக்கு ஒரு ‘நன்மை’ உண்டு. அதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை, திட்டினவனுக்குத்தான் கேவலம். பாட் அப்படியில்லை. அது தீர்ப்பு மாதிரி ஒலிக்கிறது. கேட்கிறவன் நம்பிவிடுகிறான். நமக்கு இது வராது போலிருக்கிறது என்று போனை மூடி வைத்துவிடுகிறான்.

மூன்றாவது பதில் கனமானது. ‘அவனால என் ரேங்க் போகுது. ரெண்டு வாரம் ராத்திரி முழிச்சு ஏத்தினது, ஒரு ரேண்டம் வந்து கவுத்துட்டுப் போறான்.’ நஷ்டம் நிஜம்தான், மறுக்க முடியாது. ஆனால் உங்கள் ரேங்குக்குச் சம்பந்தமில்லாத ஒருவனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது அவனா, ஆளைக் கோக்கும் கம்பெனியின் கணக்கா? அவனும் உங்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ரேங்க்தான் முக்கியம் என்றால் தெரிந்த நாலு பேரோடு போங்கள், இல்லை சோலோ போங்கள். ரேண்டமுக்குள் போவது என்று முடிவெடுத்தால் யார் வந்தாலும் சரி என்று ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம். தவிர, சீசன் முடிந்ததும் உங்கள் ரேங்கைக் கம்பெனியே கீழே இறக்கிவிடப் போகிறது, அதற்கு யாரையும் நீங்கள் பாட் என்று திட்டுவதில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நன்றாக ஆடுகிற சிலரே புது ஐடி திறந்து, கீழ் ரேங்குக்குப் போய், புதியவர்களையும் பாட்களையும் சேர்த்து அடித்துக் கில் கணக்கு ஏற்றுகிறார்கள். பாட் என்று ஏளனம் செய்கிறவனுக்குத்தான் பாட் மேல் அவ்வளவு பசி.

‘கண்டிப்பு இல்லாம எந்த வேலையும் வராது, லைன்ல சூப்பர்வைசர் திட்டாமலா தையல் வந்துச்சு?’ என்று கேட்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். திட்டிலும் இரண்டு வகை உண்டு. ‘ஓரத்தை விட்டு ஊசி விலகுது பாரு, கால் அழுத்தத்தைக் குறை’ என்பது கோபமாகச் சொன்னாலும் வேலை சொல்லிக்கொடுக்கிறது. ‘உனக்கெல்லாம் எதுக்குக் கை’ என்பது மெதுவாகச் சொன்னாலும் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. பாட் இரண்டாவது வகை. அதைக் கேட்டவனுக்குத் தான் எங்கே தப்பு செய்தோம் என்று ஒரு துளியும் விளங்காது. ‘ஸோன் மூடறதுக்குள்ள மேட்டுக்கு ஏறிடு’, ‘வெட்டவெளியில நேரா ஓடாத, வளைஞ்சு ஓடு’, ‘நாக் ஆயிட்டா என் பக்கம் தவழ்ந்து வா, ரிவைவ் பண்றேன்’, ‘க்ளூ வாலை முன்னாடியே கையில எடுத்து வெச்சுக்க’ என்று எத்தனை கடுகடுப்பாக வேண்டுமானாலும் சொல்லுங்கள். அடுத்த மேட்சில் அவன் ஒன்றாவது சரியாகச் செய்வான். பாட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். இதே மேட்சில் அதே பாட்டிடம் நீங்கள் என்ன கத்தினாலும் அது அதே வெட்டவெளியில்தான் ஓடி வரும்.

பாட் என்றாலே மட்டம் என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரலில் டோட்டா 2 விளையாட்டின் அப்போதைய உலக சாம்பியன் அணியான ஓஜியை, ஓப்பன்ஏஐ உருவாக்கிய பாட் அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றது. சதுரங்கத்தில் எந்த கிராண்ட்மாஸ்டரும் இன்று என்ஜினை வெல்ல முடியாது, அதனோடு உட்கார்ந்துதான் தயாராகிறார்கள். அங்கே ‘என்ஜின் மாதிரி ஆடினான்’ என்றால் ஒன்று உச்சப் பாராட்டு, இல்லை திருட்டுக் குற்றச்சாட்டு. உங்கள் மைக்கிலும் இந்த இரண்டாவது நடக்கிறது. சொதப்பினால் பாட், தொடர்ந்து நாலு ஹெட்ஷாட் விழுந்தால் ஹேக்கர். சுமாராக ஆடினாலும் மெஷின், அபாரமாக ஆடினாலும் மெஷின். மனிதன் என்று ஒப்புக்கொள்வதற்கு நடுவில் எவ்வளவு குறுகலான இடம் விட்டிருக்கிறீர்கள் பாருங்கள்.

உங்கள் சொந்த லாபத்துக்கே இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பொருத்தமான மனிதர்கள் போதாத இடத்தைத்தான் கம்பெனி பாட்டை வைத்து நிரப்புகிறது. பாட் பாட் என்று துரத்தப்பட்ட புதியவன் போய்விட்டால் அந்த இடம் காலியாகவா இருக்கும்? நிஜமான பாட் வந்து உட்காரும். ‘இப்பல்லாம் லாபி முழுக்க பாட்டுதான், கேம் செத்துப்போச்சு’ என்று அலுத்துக்கொள்கிறவர்களும், ரேண்டமை ஓட ஓட விரட்டுகிறவர்களும் பல சமயம் ஒரே ஆட்கள்தான். நம் ஊரில் கபடி டீம்கள் தேய்ந்ததும் இப்படித்தானே? ஓரத்தில் நின்ற சின்னப் பையனை உள்ளே இறக்கிப் பழக்காத டீமுக்கு, மூத்தவர்கள் ஓசூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனதும் ஏழு பேர் தேறவில்லை.

நான் கேட்பது சொல்லை ஒழிக்கச் சொல்லி இல்லை. ‘இது பாட் லாபி’, ‘அது பாட்தான், போய் அடி’, ‘பாட் அடிச்ச கில்லை எல்லாம் கணக்குல சேர்க்காத’ என்று தாராளமாகப் பேசுங்கள். அங்கே சொல் தன் வேலையைச் செய்கிறது, வேறு சொல் தேட வேண்டியதும் இல்லை. தை மாதத்தில் ஊரில் கஸ்டம் ரூம் போட்டு டோர்னமென்ட் வைக்கிறவர்களிடம் மட்டும் ஒரு கோரிக்கை. என்ட்ரி வாங்கும்போதே இரண்டு விதியைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, ஒவ்வொரு ஸ்குவாடிலும் முதல் தடவை ஆடுகிற ஒருவராவது இருக்க வேண்டும். இரண்டு, மலையிலிருந்து வருகிறவர்களுக்கு நெட் நன்றாக இருக்கிற இடத்தில் உட்கார இடமும், முடிந்தால் ஒரு வைஃபையும் தர வேண்டும். பிறகு பாருங்கள் யார் பாட், யார் இல்லை என்று. அதற்கு மேலும் ஒருவர் சொல்வதைக் கேட்காமல், வேண்டுமென்றே டீமைக் கெடுத்துக்கொண்டிருந்தால், மியூட் பட்டனும் ரிப்போர்ட் பட்டனும் ஸ்க்ரீனிலேயே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்